சைக்கிள் ஓடினால் முழங்கால் நோகிறது. சீற்றை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்?

சீற்றில் இருந்தபடியே இரண்டு காலையும் நிலத்தில் ஊன்ற முடிகிறதா உங்களுக்கு? அப்படியென்றால் சீற் பதிவு, உயரம் காணாது. அநேகமாக அப்படித்தான் வைத்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில், அதுவும் பெண்களில், முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் ஓடுகிறோம்.

2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் ஸ்கூட்டியை விறாந்தையில் விட்டுவிட்டு, மகள் ஏ.எல். படித்த காலத்து லுமாலா சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தேன். கொக்குவிலில் இருந்து நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஆறு கிலோமீற்றர். இரண்டாம் கிழமையே முழங்கால் சிரட்டைக்கு முன்பக்கம் நோ. காட்டின இடத்தில் "தேய்மானம், வயசாகுதெல்லோ" என்று பூச மருந்து தந்து அனுப்பினார்கள். எனக்கு அப்போது 46.

ஒருநாள் பின்னேரம் திரும்பி வரும்போது என் நிழல் பக்கத்து மதிலில் விழுந்தது. முழங்கால் ஹான்டிலை இடிக்கிற மாதிரி ஏறி ஏறி இறங்குகிறது. வெட்டுக்கிளி ஒன்று சைக்கிள் ஓடிப் போகிறது! சிரிப்பு வந்தது, பிறகுதான் விசயம் விளங்கியது: சீற் பதிவாக இருந்ததால் முழங்கால் அளவுக்கு மீறி மடிந்துதான் நொந்திருக்கிறது.

அடுத்த நாள் சைக்கிள் கடையில்:

"தம்பி, சீற்றை உயர்த்திவிடும்."

"ரீச்சர், கால் எட்டாது. விழுந்து போவியள்."

"பெடலுக்கு எட்டினால் காணும்."

ஒரு விரல் அளவு உயர்த்திவிட்டு நிறுத்திவிட்டார். மிச்சத்தை வீட்டில் நானே செய்தேன். சீற் கம்பி கறள் பிடித்து இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு ஓரிரவு வைத்து, காலையில் சீற்றை அங்காலும் இங்காலும் திருகத்தான் கிளம்பியது.

அளவு இதுதான். செருப்பில்லாமல் சுவரோடு நின்று, கவட்டுக்குள் ஒரு கொப்பியை இறுக்கி வைத்து, நிலத்தில் இருந்து கொப்பியின் மேல்விளிம்பு வரை அளவுங்கள். எனக்கு 74 சென்ரிமீற்றர். அதை 0.883ஆல் பெருக்கினால் 65 சொச்சம். பெடல் தண்டுகள் சுழலும் அச்சின் நடுவில் இருந்து சீற்றின் மேற்பக்கம் வரை அவ்வளவு வர வேண்டும். என்னுடையது 57இல் கிடந்தது! அந்தக் கணக்கு ரேஸ் ஓடுகிறவர்களுக்கு வந்தது. எனக்கு 63தான் தோதாக இருந்தது. அதுவும் ஒரே நாளில் இல்லை, மூன்று கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாக.

அளவுநாடா இல்லையென்றால், பெடல் அடியில் நிற்கும்போது குதிக்காலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் உழக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலோ, முழங்காலின் பின்பக்கம் நொந்தாலோ உயரம் கூடிவிட்டது. கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அது வெளியே தெரியும் அளவுக்கு இழுக்காதீர்கள், முறிந்துவிடும். சீற்றின் மூக்கை மட்டமாக வையுங்கள்; கீழே சரிந்தால் உடம்பு முன்னுக்கு வழுக்கி, பாரமெல்லாம் கையில் விழும்.

நிற்பாட்டும்போது சீற்றில் இருந்து முன்னுக்கு இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும். பழக எனக்கு இரண்டு நாள். முதல் நாள் சந்தியில் ஒரு ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்கட அப்பா 60 வருசம் பதிஞ்ச சீற்றிலதான் ஓடினவர்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: ஓடியிருப்பார், முழங்கால் நொந்ததை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நான் வைத்தியரும் இல்லை. சீற்றைச் சரிசெய்து ஒரு மாதமாகியும் நோ நிற்காவிட்டாலோ, முழங்கால் வீங்கினாலோ போய்க் காட்டுங்கள். எனக்கு நின்றது. சோளகக் காற்று நேரே முகத்தில் அடிக்க, நெல்லியடியில் இருந்து வல்லைவெளியைக் கடந்து உழக்கி வந்திருக்கிறேன். தொடை எரிந்தது, முழங்கால் நோகவில்லை.

பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் அட்டை வந்து பெற்றோல் கிடைத்த பிறகும் சைக்கிளிலேயே போகிறேன். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் மோட்டார் சைக்கிளுக்குத் தகரக் கூரை, சைக்கிளுக்கு வெறும் வெயில். இரண்டு மணிக்குச் சீற்றில் தோசை சுடலாம், உறையும் வெடித்துவிட்டது. இரண்டு தரம் கடிதம் கொடுத்தேன். "ரீச்சர், ஸ்கூட்டியில வரலாம்தானே?" என்றார்கள்.