வயதான பெற்றோருடன் ஒரு வாரம் போர்ச்சுகல் போக எப்படித் திட்டமிடுவது? லிஸ்பன், போர்ட்டோ, அல்கார்வ், செவில் எல்லாம் பார்க்க முடியுமா?

அப்பா அம்மா எழுபதை ஒட்டியவர்கள், அம்மா சுத்த சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழேயே லிஸ்பன், சின்த்ரா, போர்ட்டோ, அல்கார்வ் கடற்கரை, அப்படியே எல்லை தாண்டி ஸ்பெயினில் செவில் என்று ஒரு பட்டியல். இது யாரோ பயண முகவர் போட்டுக் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். எனக்கும் ஏறக்குறைய இதையேதான் நீட்டினார்கள்.

தங்குவதற்கு லிஸ்பன், போர்ட்டோ இரண்டு மட்டும் போதும், சின்த்ராவை லிஸ்பனிலிருந்தே போய்ப் பார்த்துத் திரும்பலாம். மீதியை இப்போதே அடித்துவிடுங்கள். லிஸ்பனிலிருந்து செவிலுக்கு நேர் ரயிலே கிடையாது. பேருந்தில் அரை நாளுக்கு மேல் போய்விடும். அல்கார்வின் அழகெல்லாம் பாறைக்கு நடுவே இறங்கி நடப்பதிலும் கடலில் குளிப்பதிலும்தான் இருக்கிறது. அட்லாண்டிக் தண்ணீர் கோடையிலேயே சில்லென்று இருக்கும். முழங்கால் வலியோடு வருபவர்கள் அங்கே என்ன செய்வார்கள்?

'என் அப்பாவுக்கு 75, இன்னமும் வெள்ளியங்கிரி ஏறுகிறார்' என்று யாராவது கருத்துப் போடக்கூடும். நல்ல விஷயம், அவர் நன்றாக இருக்கட்டும். நான் எழுதுவது படி ஏறினால் கைப்பிடியைத் தேடுகிறவர்களுக்கு. 'அவ்வளவு தூரம் செலவழித்துப் போய் இரண்டே ஊரா' என்று கேட்பவர்களும் இருப்பார்கள். என் சொந்தக்காரர்களே கேட்டார்கள். செலவழித்தது அப்பா அம்மா சந்தோஷமாக இருக்க. ஊர்க்கணக்கு காட்டுவதற்கு இல்லை.

நான் அவர்களை அழைத்துப் போனது அக்டோபர் கடைசியில். வெயில் குறைந்திருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும், அவ்வப்போது மழை உண்டு. அந்த மழைதான் கவனிக்க வேண்டிய விஷயம். லிஸ்பனின் நடைபாதை முழுக்கக் கை அகலம்கூட இல்லாத வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களைப் பதித்துப் போட்டது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஜனங்கள் நடந்து நடந்து கல்லெல்லாம் வழுவழுவென்று ஆகிவிட்டது, ஈரம் பட்டால் வழுக்கும். அம்மா வாழ்நாள் முழுக்கச் செருப்புதான் போட்டவர். கிளம்புவதற்கு முன்பே ரப்பர் அடி போட்ட ஷூ வாங்கி, மொட்டை மாடியில் போட்டு நடக்கவிட்டுப் பழக்கினேன். உங்கள் அம்மாவுக்கும் அதைச் செய்யுங்கள். விமான டிக்கெட்டை விட முக்கியம்.

தங்குவதற்கு பைஷா பகுதியைப் பாருங்கள். 1755 நவம்பர் 1ஆம் தேதி வந்த பூகம்பத்தில் அந்தப் பகுதி அழிந்துபோய், பிறகு நேர்நேர் தெருக்களாகத் திரும்பக் கட்டினார்கள். மேடும் பள்ளமுமான அந்த ஊரில் சமதளமாக நடக்கக் கிடைப்பது அங்கேதான். லிஸ்பனின் பழைய பகுதியான அல்ஃபாமாவில் வீடுகள் படத்தில் பிரமாதமாக இருக்கும், ஆனால் அந்தப் பக்கம் முழுக்க ஏற்றமும் படிக்கட்டும். எங்கே எடுத்தாலும் லிஃப்ட் உண்டா என்று கேட்டு, பதில் எழுத்தில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். எல்லோரும் சொல்லும் 28ஆம் எண் டிராமில் நிற்கக்கூட இடம் இருக்காது, ஜேப்படி வேறு. லிஸ்பனின் பெலெம் பகுதிக்குப் போகும் 15ஆம் எண் டிராம் ஆற்றோரமாகவே போகும், பெரிய வண்டி, உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பெலெமில் ஜெரோனிமோஸ் மடாலயத் தேவாலயத்துக்குள் நுழைந்ததுமே வாஸ்கோ ட காமாவின் கல்லறை. கள்ளிக்கோட்டைக்கு வந்த அதே ஆள்தான் என்று சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்ட ஒரு சிறு சமய நூல் 1554இல் லிஸ்பனில்தான் வெளிவந்தது என்பதை அவருக்குச் சொன்னேன். அன்று முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தார், யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று. பக்கத்திலேயே 1837இலிருந்து நடக்கும் அந்தப் புகழ்பெற்ற பேஸ்ட்ரி கடை. வெளியே வரிசையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது பெரும்பாலும் பார்சல் வாங்குபவர்களின் வரிசை, உள்ளே போய் உட்கார நிறைய அறைகள் உண்டு. ஆனால் அங்கே எல்லோரும் வாங்கும் கஸ்டர்ட் பேஸ்ட்ரியின் நடுவில் இருப்பது முட்டை மஞ்சள் கரு. முட்டை சாப்பிடாத அம்மாவிடம் தெரியாமல் கொடுத்துவிடாதீர்கள்.

என் அம்மாவுக்கு வேறொன்று கிடைத்தது. அந்தப் பருவத்தில் லிஸ்பன் தெருமுனைகளில் செஸ்ட்நட் கொட்டை சுடுவார்கள். தள்ளுவண்டியிலிருந்து வெள்ளைப் புகை தெருவே மறைகிற அளவுக்கு வரும். ஓட்டைக் கீறி, உப்புப் போட்டுச் சுடுவதால் கொட்டைமேல் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைப் படலம் இருக்கும். காகிதப் பொட்டலத்தில் சுடச்சுடக் கொடுத்தார் வண்டிக்கார அம்மாள். என் அம்மா ஒன்றை உரித்து வாயில் போட்டுவிட்டு, 'அவிச்ச சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரியே இருக்குடி' என்றார். அதற்கப்புறம் புகை தெரிந்த இடமெல்லாம் நின்றோம்.

சின்த்ராவுக்கு ரோசியோ நிலையத்திலிருந்து ரயில், முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். எல்லோரும் மலைமேலிருக்கும் மஞ்சளும் சிவப்புமான பேனா அரண்மனைக்கு ஓடுவார்கள். அதற்கு நேரம் குறித்த டிக்கெட், வாசலுக்கு அப்புறமும் ஏற்றம். நாங்கள் ஊருக்கு நடுவிலேயே இருக்கும் பழைய அரண்மனையோடு நிறுத்திக்கொண்டோம். அதன் சமையலறைக்கு மேலே கூம்பு வடிவில் இரண்டு புகைபோக்கிகள், 33 மீட்டர் உயரம். அம்மா அதற்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். எத்தனை பேருக்குச் சமைத்திருப்பார்கள், பாத்திரம் யார் தேய்த்திருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேறெந்த மாளிகையும் அவருக்கு அவ்வளவு பிடித்திருக்காது.

லிஸ்பனிலிருந்து போர்ட்டோவுக்கு வேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். 65 வயது முடிந்தவர்களுக்குப் பாதிக் கட்டணம், வெளிநாட்டவருக்கும் உண்டு, வயதைக் காட்டப் பாஸ்போர்ட் போதும். காம்பன்யா நிலையத்தில் இறங்கி உள்ளூர் ரயிலில் மாறினால் சில நிமிடத்தில் ஊருக்கு நடுவே சாவ் பென்டோ. சுவர் முழுக்க நீல ஓவியங்கள், சுமார் 20,000 ஓடுகளில். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஓவியத்தைக் கொஞ்சம்தான் பார்த்தார். பிளாட்பாரம் முடிகிற இடத்திலேயே சுரங்கம் தொடங்குகிறது, ரயில் அதிலிருந்து வெளியே வந்து நேராக நிற்கிறது. 'மலையைக் குடைஞ்சு ஊருக்குள்ள கொண்டுவந்து விட்டிருக்கான் பாரு' என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், எழுப்ப மனசு வரவில்லை. மறுநாள் டோரு ஆற்றில் பாலங்களைச் சுற்றிக் காட்டும் படகில் போனோம். ஈஃபில் நிறுவனம் கட்டி 1877இல் திறந்த மரியா பியா ரயில் பாலம் தெரிந்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். ஒற்றைத் தண்டவாளம், ஒரே வளைவில் ஆற்றைத் தாண்டுகிறது. 1991இலிருந்து அதில் ரயில் ஓடுவதில்லை என்றதும் முகம் வாடிவிட்டது. முகவர் போட்ட பட்டியலின்படி அந்த நேரம் நாங்கள் ஏதோ ஒரு பேருந்தில் இருந்திருப்போம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இதே பயணத்தை ஒரு மகன் செய்தால் 'பெத்தவங்க கொடுத்து வச்சவங்க' என்பார்கள். நான் மகள். 'மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லலையா?' என்றுதான் கேட்டார்கள், ஒருவர் விடாமல். அப்பாவே ஆரம்பத்தில் எல்லோரிடமும் 'மாப்பிள்ளை அனுப்பி வைக்கிறார்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் காசில் போகிறோம் என்பது அவருக்குக் கௌரவக் குறைவாகப் பட்டிருக்கிறது. என் கணவர்தான் 'மாமா, இது உங்க பொண்ணு சம்பாதிச்சு சேர்த்த பணம்' என்று திருத்தினார். என்னைப் படிக்கவைத்தது அப்பா. அந்தப் படிப்பில் வந்த சம்பளத்தில் அவருக்கு ஒரு டிக்கெட் எடுக்க யார் அனுமதி வேண்டும்? இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது. நீங்கள் மகளாக இருந்தால் இந்தக் கேள்விகள் உங்களுக்கும் வரும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். ஐரோப்பாவில் தலைக்கு அதிகமாக அரிசி சாப்பிடுபவர்கள் போர்ச்சுகல்காரர்கள்தான். சமையலறை உள்ள தங்குமிடம் எடுங்கள், சூப்பர்மார்க்கெட்டில் அரிசி, தயிர், தக்காளி எல்லாம் கிடைக்கும். லிஸ்பனில் மார்ட்டிம் மொனிஸ் பக்கம் நம் பக்கத்து மளிகைக் கடைகள் நிறைய. கீரை சூப் என்று நம்பி கால்டோ வெர்டே வாங்கித் தராதீர்கள், அதில் தொத்திறைச்சித் துண்டு போடுவது வழக்கம். உணவகத்தில் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்து வைத்தால் அதற்குக் காசு உண்டு, வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பலாம். மதியம் மூன்று மணிக்கு மேல் பல சமையலறைகளை மூடினால் இரவு ஏழுக்குத்தான் திறப்பார்கள். மாத்திரை போடுகிற பெற்றோருக்கு இது பெரிய விஷயம்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. காப்பீடு குறைந்தபட்சம் 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அதற்கும் சேர்த்துத் தரும் பாலிசிதானா என்று படித்துப் பார்த்து எடுங்கள். அப்புறம் லிஸ்பனில் மடாலயம் உட்படப் பல இடங்களுக்குத் திங்கள் விடுமுறை, ரயில் பயணத்தை அந்த நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.