சைக்ளோன் கயிறாக ஊற்றினால் பம்ப் வேகத்தைக் கூட்டாதீர்கள்

கேள்வி: தாது அரைக்கும் மில்லின் சைக்ளோனில், ஓவர்ஃப்ளோவில் கரடு வருகிறது. அழுத்தத்தை ஏற்றினால் சரியாகுமா?

சைக்ளோன் என்பது, பம்ப் தள்ளும் தாதுக் குழம்பைச் சுழற்றி, கரடைக் கீழ்வாய் வழியாகவும் (அண்டர்ஃப்ளோ) நுண்ணியதை மேலேயும் (ஓவர்ஃப்ளோ) பிரிக்கும் கூம்பு. உங்கள் மேலதிகாரி "பம்ப் வேகத்தைக் கூட்டு" என்று சொல்லியிருப்பார். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். அழுத்தம் கூடினால் இன்னும் நுண்ணிய துகளும் கீழே பிரியும், உண்மைதான். ஆனால் அது ஒழுங்காக ஓடும் சைக்ளோனுக்கு.

எங்களுடையது ஈயத் தாது. ஒரு இரவு ஷிஃப்டில், கனிமத்தை நுரையில் மிதக்கவைத்துப் பிரிக்கும் ஃப்ளோட்டேஷன் தொட்டிகளில் மணல் படிகிறது என்று கூப்பிட்டார்கள். அழுத்தம் காட்டும் கேஜ் சரியாகக் காட்டுகிறது, வேகத்தைக் கூட்டு என்றார் பொறுப்பாளர். கூட்டினேன், இன்னும் மோசமானது. ஆறு சைக்ளோனுக்கும் சேர்த்து ஒரே கேஜ்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. டார்ச்சோடு மேடையேறிப் பார்த்தேன். ஐந்தில் அண்டர்ஃப்ளோ குடை விரித்த மாதிரி சிதறுகிறது. மூன்றாவதில் மட்டும் முறுக்கிய கயிறாகக் கெட்டியாக இறங்குகிறது. அதன் ஓவர்ஃப்ளோவை இரண்டு விரலில் தேய்த்தேன், நறநறவென்றது. வால்வை மூடி, கீழ்வாயான ஸ்பிகாட்டைக் கழற்றினால், கிழிந்த ரப்பர் லைனர் (உள்ளுறை) துண்டு மடிந்து பாதி வாயை அடைத்திருக்கிறது.

வாய் குறுகினால் நடுவில் இருக்கும் காற்றுத்தூண் உடையும், கீழே இறங்க முடியாத கரடு மேலே போய்விடும். அதில் பெரும்பகுதி குவார்ட்ஸ், வெறும் கல். அதன் அடர்த்தி 2.65, ஈயக் கனிமமான காலீனாவுக்கு 7.5, அதனால் லேசான கல்தான் எளிதில் மேலே போகும். கல்லுக்குள் சிக்கிய காலீனா மிதக்காமல் கழிவோடு போகும். அந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டுவது, அடைத்த வாயில் இன்னும் திணிப்பதுதான்.

கயிறாக இறங்குவதைக் காட்டும் சென்சார் இருப்பது தெரியாதவன் பேசுகிறான் என்று யாராவது எழுதுவார்கள். சென்சார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு சைக்ளோனுக்கும் ஒன்று வைத்தால் கும்பிட்டு வரவேற்பேன்.

பதினான்கு வருடம், இரும்புக் குண்டுகளால் தாது அரைக்கும் பால் மில் (ball mill) பக்கத்தில் நின்று என் இடது காதில் ஓயாத ரீங்காரம். காதடைப்பான் கேட்டால் மாதக்கணக்கில் இழுத்தார்கள், லைனருக்கு ஒரே நாளில் ஒப்புதல் கிடைத்தது. நீங்கள் கேட்டது இதுவல்ல, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, முதலில் மேலே ஏறிப் பாருங்கள். ஒன்று மட்டும் கயிறென்றால் அதை மூடி, மாற்று சைக்ளோனைத் திறந்துவிட்டு ஸ்பிகாட்டைக் கழற்றுங்கள். எல்லாமே கயிறென்றால் மில்லுக்குப் போகும் தாதுவைக் குறையுங்கள், அல்லது கூடுதலாக ஒரு சைக்ளோனைத் திறங்கள். அதுவரை பம்ப்பைத் தொட வேண்டாம்.