டாக்டர் படிப்புக்காகத் தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா?

நீலகிரியில் கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றிலிருந்து ஓர் அப்பா மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்தார். இரண்டு முறை நீட் எழுதியாயிற்று. தகுதி மதிப்பெண் இருக்கிறது, அரசு இடம் கிடைக்கும் அளவுக்கு இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மைத்துனர் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறார். ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ்., விடுதி, சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். தோட்டத்தை அடமானம் வைத்தால் முதல் இரண்டு வருடத்தைத் தாண்டிவிடலாம் என்பது குடும்பத்தின் கணக்கு. “பொண்ணு டாக்டரானா ஊருக்கே பெருமைங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்” என்றார்.

பிள்ளை நன்றாக வருவாள், கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். பத்திரம் வங்கிக்குப் போகப்போகிற நேரத்தில் அந்த ஆறுதலால் யாருக்கும் பயனில்லை.

அண்ணா, கணக்கை முழுசாகப் போடுங்கள். 2021-ல் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி வெளிநாட்டில் குறைந்தது 54 மாதம் படிக்க வேண்டும், அங்கேயே 12 மாதம் பயிற்சி. திரும்பி வந்து இங்கே தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும், அப்புறம் இங்கேயும் ஒரு வருடப் பயிற்சி. அந்தத் தகுதித் தேர்வை 2024 ஜூனில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார். மீதிப் பேர் தேர்வு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், வட்டியும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வருமானத்தில் இந்தக் கடனை அடைக்க முடியாது. மைத்துனர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் தவணை கட்டப்போவது அவரில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அப்பா பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்டதும் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். தேதி, மழை உண்டா இல்லையா, வீட்டில் நிறுத்த இலை எடை, கொள்முதல் இடத்தில் நிறுத்த எடை, ஈரத்துக்கென்று கழித்தது என ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தாள். “மழையே இல்லாத நாள்லயும் ஈரக் கழிவு பிடிச்சிருக்காங்க மேடம், பாருங்க” என்று வரிசையாக விரல் வைத்துக் காட்டினாள். அப்பாவுக்குக் கூச்சமாகிவிட்டது. “அதெல்லாம் இங்க எதுக்கும்மா” என்றார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அடுத்து அவள் கேட்ட கேள்வி இன்னும் நல்ல கேள்வி. கொரோனா சமயத்தில் கபசுரக் குடிநீர் குடித்தவர்களுக்கும் சரியானது, குடிக்காதவர்களுக்கும் சரியானது. அப்படியானால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் உண்டு. குணமானவர்களின் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) வேண்டும் என்று 2020-ல் வாட்ஸ்அப்பில் எத்தனை வேண்டுகோள் வந்தது, நினைவிருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) அதையே சோதனையாக நடத்தியது. 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் வழக்கமான சிகிச்சையோடு பிளாஸ்மாவும் கொடுத்தார்கள். நோய் முற்றுவதிலோ இறப்பிலோ வித்தியாசம் இல்லை. 2021 மே மாதம் சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. பிரிட்டனில் நடந்த ‘ரெக்கவரி’ சோதனையில் எதிர்ப்பக்கம் ஒரு வெற்றி. டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்காமல் இதை எந்தப் பெரிய டாக்டராலும் சொல்லியிருக்க முடியாது.

மலைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதையும் இதில் உண்டு. காசநோய் என்றால் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, சானடோரியம் (மாதக்கணக்கில் தங்கவைக்கும் காசநோய் மருத்துவமனை) என்றிருந்த காலம். 1956-ல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கி, பாதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள், நெருக்கமான வீடுகள், சாப்பாடும் குறைவு. ஆனாலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் அந்த முடிவு வெளிவந்த பிறகு உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. முன்னறிவிப்பில்லாமல் வீடு வீடாகப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்த ஊழியர்கள் இல்லாவிட்டால் அந்த ஆய்வே நிலைத்திருக்காது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அப்படிப்பட்ட ஊழியருக்கு இன்றைய பெயர் கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர், அதாவது மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர். ஏஜென்ட் இதைச் சொல்லமாட்டார், அவருக்கு இதில் கமிஷன் இல்லை.

வேலை எப்படி இருக்கும்? காய்ச்சலோடு ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். ஆய்வின் நிபந்தனைகளுக்கு அவர் பொருந்துகிறாரா என்று வயது, நோய், சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். பிறகு ஆய்வுக்கான டாக்டரோடு உட்கார்ந்து, இது என்ன ஆய்வு, என்ன ஆபத்து, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பதை அவருக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே இருக்க வேண்டும், அதன் பிறகுதான் கைரேகை. தமிழும் படுக மொழியும் சரளமாகப் பேசுகிற ஒரு பெண், தயங்கி நிற்கும் ஒரு பாட்டிக்கு இதை எப்படிப் புரியவைப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். யாருக்கு எந்த மருந்து என்பதைக் கணினிக் குலுக்கல்தான் முடிவு செய்யும், அதில் சொந்தக்காரர் சிபாரிசு செல்லாது. தடுப்பூசி ஆய்வு என்றால் குளிர்பெட்டியின் வெப்பநிலை சொன்ன அளவுக்குள் (பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ்) இருக்கிறதா என்று நாள் தவறாமல் குறிக்க வேண்டும். ரத்தக் குழாய்க்கு லேபிள், ஊசி போட்டவருக்கு வீக்கமோ காய்ச்சலோ வந்ததா என்று போன், வராதவரைத் தேடிப்போவது, தீவிரமான பாதிப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போவதற்கான தாள்கள் என்று வேலை வந்துகொண்டே இருக்கும். தாளில் தப்பாக எழுதிவிட்டால் வைட்னர் போடக்கூடாது. ஒரே ஒரு கோடு, பழைய எண் தெரிய வேண்டும், பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, தேதி. இந்தப் பெண்ணின் தேயிலை நோட்டிலும் அடித்துத் திருத்திய இடங்களில் பழைய எண் தெரிகிறது!

குறையையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் இருபதாயிரத்தைச் சுற்றித்தான் இருக்கும். பல வேலைகள் ஒப்பந்தம், ஆய்வு முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். நீலகிரிக்குள்ளேயே வேலை என்பது கடினம், சென்னை, வேலூர், பெங்களூரு போகத் தயாராக இருக்க வேண்டும். குன்னூர் போகும்போது சிம்ஸ் பூங்கா பக்கம் பார்க்கிறீர்களே, 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம், அங்கே முக்கியமாகத் தடுப்பூசி தயாரிப்புதான். அது வேறு வகை வேலை.

எதைப் படிப்பது? நர்சிங்கிலிருந்தும் வரலாம், புள்ளியியலிலிருந்தும் வரலாம். இவளுக்கு நான் சொல்வது பி.பார்ம். என்ற மருந்தியல் பட்டம், நான்கு வருடம். நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு. சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளில் அரசு இடங்கள் உண்டு, எண்ணிக்கை குறைவு, அதனால் முதல் விருப்பமாக அவற்றைப் போடுங்கள். ஊட்டியிலேயே ஆறு வருட பார்ம்.டி. (மருந்தியலில் டாக்டர் பட்டம்) இருக்கிறது, நல்ல படிப்பு, மருத்துவமனை வார்டிலேயே பயிற்சி. ஆனால் அது தனியார் கட்டணம். ஆறு வருடக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கட்டக் கூடாது. தோட்டத்துப் பத்திரத்தைத் தொடாமல் சமாளிக்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள்.

பட்டம் முடிக்கும் முன்பே ‘நூறு சதவீத வேலை உறுதி’ என்று ஆறு மாத கிளினிக்கல் ரிசர்ச் டிப்ளமோவுக்கு லட்சக்கணக்கில் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் மருத்துவ ஆராய்ச்சியின் அடிப்படைகளை என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளம் வழியாக நடத்தியிருக்கிறது. கற்க இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் சிறு கட்டணம். அது போதும். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை 2009 ஜூனிலிருந்து அரசின் பதிவேட்டில் கட்டாயம் பதிய வேண்டும். அந்தப் பதிவேடு இணையத்தில் யாரும் பார்க்கலாம். எந்த மருத்துவமனையில் என்ன ஆய்வு என்று அவளே தேடிப் பார்க்கட்டும், வேலை தேடும்போதும் அதுதான் முகவரிப் புத்தகம்.

மைத்துனரிடம் நீங்கள் பேச வேண்டாம், அவளைப் பேச விடுங்கள். ‘எனக்கு ஆபரேஷன் பண்ணப் பிடிக்கல மாமா, எது வேலை செய்யுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் பிடிச்சிருக்கு’ என்று என்னிடம் சொன்னதை அவரிடமும் சொல்லத் தெரியும். ஏஜென்ட்டுக்கு இன்னும் ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீதைத் தேடி எடுத்து, திருப்பிக் கேட்டு எழுத்திலேயே கொடுங்கள். சாதி, வருமான, இருப்பிடச் சான்றிதழ்களோடு, வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழுக்கும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வு அறிவிப்பு வந்த பிறகு போனால் வரிசை வாசல் வரை நிற்கும்.