பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து, வீட்டில் எல்லோரும் உண்ணக்கூடிய ஒரே சமையலைச் செய்ய முடியுமா?

மூன்று தலைமுறையினர் ஒன்றாக இருக்கும் வீட்டில் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் உடன் சேர்த்துக்கொண்டு எல்லோருக்கும் பொதுவான ஒரு சமையலைச் செய்ய முடியுமா, அல்லது பெரியவர்களுக்கு வேலை இரட்டிப்பாவதுதான் மிச்சமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். வேலையும் கூடும், தொடக்கத்தில் நிச்சயமாகக் கூடும்.

நீங்கள் விரித்து எழுதவில்லை என்றாலும் உங்கள் வீட்டு நிலவரத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. சின்னது காய்கறியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வயதானவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். நடுவில் இருப்பவர்கள் வேலை முடிந்து களைத்து வந்து, இன்றைக்கு வெளியே வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். ஆகவே நீங்கள் ஒரே அடுப்படியில் மூன்று விதமாகச் சமைத்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அந்த மூன்று சமையலை ஒன்றாக்குவதற்கு எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டதால்தான் ஒன்பது வயதுப் பேரனைச் சமையலறைக்குள் அழைத்தேன். குழந்தைகளோடு சமைப்பது என்றாலே கேக்கின் மேல் வண்ணச் சர்க்கரையைத் தூவவிட்டுப் படம் எடுப்பது என்று இப்போது ஆகிவிட்டது. அது விளையாட்டு என்பது குழந்தைக்கும் தெரியும். அவன் செய்யாமல் விட்டால் அன்றைய சாப்பாடு கெட்டுப்போகும் என்ற அளவில் ஒரு வேலை அவன் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டது ராஜ்மாவும் காய்கறிகளும் சேர்த்துக் கெட்டியாகக் கொதிக்கவைக்கும் ஒரு சாதாரணக் குழம்பு. முந்தைய இரவே அவன் விதைகளைத் தட்டில் பரப்பிக் கல் பொறுக்கி, நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்தான். ஐந்து மணி நேரமாவது ஊற வேண்டும், இரவு முழுக்க ஊறினால் நல்லது. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டச் சொன்னபோது ஏன் என்று கேட்டான். ராஜ்மாவில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து விதைகளைத் தின்றாலே சில மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் தளதளவென்று கொதிக்கவிட்டால் அந்த நச்சு அழிந்துவிடும். 100 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் கொதித்தாலே போதும் என்றாலும், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஐயத்துக்கு இடமில்லாமல் 30 நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறது. கொதிநிலையை எட்டாத இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்தால் நச்சு குறைவதற்கு மாறாகக் கூடவும் செய்யலாம். இவ்வளவையும் அவனுக்குப் புரியும்படி சொன்னேன். பயமுறுத்துகிறேன் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். அவன் பயப்படவில்லை, சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

பிரஷர் குக்கரில் வைத்திருந்தால் இந்தக் காவலே தேவைப்பட்டிருக்காது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான்; தனியாகச் சமைக்கும் நாள்களில் நானும் குக்கரில்தான் வைக்கிறேன். ஆனால் மூடிய பாத்திரத்தில் குழந்தைக்குப் பார்க்க என்ன இருக்கிறது? திறந்த பாத்திரத்தில் நீர் எப்போது கொதிக்கத் தொடங்குகிறது, விதை போட்டதும் ஏன் கொதி அடங்குகிறது, மீண்டும் எப்போது எழுகிறது என்பதையெல்லாம் அவன் அடுப்பிலிருந்து விலகி உட்கார்ந்தபடியே கண்டுபிடித்தான். கொதி மீண்டும் எழுந்த நொடியிலிருந்துதான் நேரத்தைக் கணக்கிட வேண்டும் என்பதை அவனாகவே சொன்னான். அந்த நேரம் பார்த்து என் மகள் பசியோடு வீடு திரும்பி, வழக்கம்போலத் தீயைக் குறைக்கக் கையை நீட்டினாள். "அம்மா, தொடாதே, இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு" என்று அவன் போட்ட அதட்டலில் அவள் கையை எடுத்துக்கொண்டதைப் பார்க்க எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே மறைக்க வேண்டிய அவசியமில்லை.

வெந்த ராஜ்மாவோடு வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, காரட் எல்லாம் சேர்ந்த பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கியது. சண்டை உப்பைப் பற்றியது. என் கணவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும் அந்த அளவுக்குள் காலை முதல் இரவு வரை உண்பது அனைத்தும் சேர்ந்திருக்க வேண்டும், குழந்தைகளுக்கு அதைவிடவும் குறைவாக வேண்டும். வயது ஏற ஏறச் சுவையுணர்வும் மோப்பமும் மங்குவதால், முதியவர் தம் நாக்கை நம்பி உப்புப் போட்டால் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து அது கூடிப்போகிறது. இதை நான் சொன்னால் மனைவியின் நச்சரிப்பு. மகள் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம். ஆகவே உப்பைப் பேரனின் பொறுப்பில் விட்டேன். அவன் வீட்டில் உள்ளவர்களை எண்ணி, இது ஒரு நேரத்துச் சாப்பாடுதான் என்பதைக் கணக்கில் கொண்டு, பானைக்கு உரிய உப்பை அளவுக் கரண்டியால் அளந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்தான். அந்தக் கணக்குக்கு அவனுக்குப் பின்னம் தேவைப்பட்டது. பள்ளிக்கூடத்துப் பயிற்சி ஏட்டில் அழவைக்கும் அதே பின்னம், இங்கே முணுமுணுப்பின்றி வந்தது.

"உப்பே இல்லையே" என்றார் தாத்தா. "எனக்கு இருக்கு தாத்தா. உங்க நாக்குக்குத்தான் வயசாயிடுச்சு" என்றான் அவன். வேறு யார் சொல்லியிருந்தாலும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்திருப்பார். அன்று சிரித்துவிட்டார். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு உப்புக் குறைவை ஓரளவு ஈடுகட்டும் என்பதால், அவருடைய கிண்ணத்தில் மட்டும் பாதி எலுமிச்சையைப் பிழிந்து மிளகுத்தூளைத் தூவினோம். அன்று முதல் எங்கள் வீட்டு நடைமுறை இதுதான்: பானையில் இருப்பது எல்லோருக்கும் பொது, குழந்தையின் நாக்குக்கு ஏற்ற உப்பும் காரமும் மட்டும் அதில் இருக்கும், புளிப்பு, மிளகு, காரம் எதுவாக இருந்தாலும் வேண்டியவர் தட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று சமையல் ஒன்றானது இப்படித்தான்.

தானே சமைத்ததால் அவன் காரட்டைச் சாப்பிட்டானா என்று அடுத்து கேட்பீர்கள். சாப்பிடவில்லை. தோல் சீவி, துண்டு போட்டு, பானையில் இட்டவனும் அவன்தான். தட்டின் ஓரத்தில் ஒதுக்கியவனும் அவன்தான். குழந்தையைச் சமையலில் சேர்த்தால் எல்லாவற்றையும் உண்ணத் தொடங்கிவிடும் என்று உறுதி கூறுபவர்களை நம்பாதீர்கள். புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது இரண்டு வயது முதல் ஆறு வயது வரையில் மிகுதியாக இருக்கும். ஓர் உணவை எட்டுப் பத்து முறையோ அதற்கு மேலுமோ சுவைத்துப் பார்த்த பிறகே பல குழந்தைகள் அதை ஏற்கின்றன. அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் வகுத்த முறை எனக்குப் பிடித்தமானது: என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர் முடிவு செய்ய வேண்டும், உண்பதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யும். ஒதுக்கிய காரட்டைப் பற்றி ஒருவரும் ஒன்றும் பேசக்கூடாது என்று மகளிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பச்சையாகத் துருவிய காரட்டைத் தின்கிறான். வெந்த காரட்டை இன்றுவரை தொடுவதில்லை. அதனால் குடி முழுகிவிடவில்லை.

கத்தியைக் கொடுத்தது பற்றி உறவினர் ஒருவர் என்னை நிறையவே பேசிவிட்டார். குழந்தையை வேலை வாங்குகிறேனாம். அவர் வீட்டுப் பையன் மணிக்கணக்கில் கைப்பேசியில் ஓட்டுவது எதையெல்லாம் கற்றுக்கொள்வதற்கு என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கத்தியைப் பற்றி மட்டும் விளக்கிவிடுகிறேன். மழுங்கிய கத்திதான் ஆபத்தானது, ஏனென்றால் அதை அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தும்போது வழுக்குகிறது. ஆகவே கூரான, அவன் கைக்கு அடங்கும் சிறு கத்தி. அடியில் ஈரத்துணி விரித்து அசையாமல் வைத்த பலகை. உருண்டையான காயை நான் முதலில் இரண்டாக வெட்டித் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வைத்துத் தருவேன். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகள் உள்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். அவன் வெட்டும் நேரம் முழுவதும் நான் வேறு எதையும் செய்வதில்லை. அந்த நேரத்தைத்தான் "வேலை கூடும்" என்று தொடக்கத்தில் சொன்னேன்.

நான்கு வயதுப் பேத்திக்குக் கத்தியும் இல்லை, அடுப்பும் இல்லை. அவள் கீரை ஆய்வாள், பட்டாணி உரிப்பாள், வெந்து ஆறிய உருளைக்கிழங்கை மசிப்பாள், ரொட்டிக்கு மாவு பிசைவாள். பிசைந்த மாவை வாயில் போடவிடக்கூடாது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். வேகாத மாவில் ஈ.கோலி, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும், பச்சை முட்டை சேர்ந்த கலவை என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அவள் வயதுக் குழந்தைகளுக்கு முழுத் திராட்சையும் முழுக் கொட்டைப் பருப்புகளும் தொண்டையில் அடைக்கும் பொருள்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தை இருந்தால், ஒரு வயது நிறையும்வரை தேன் கூடாது.

இந்த இடத்தில் ஓர் ஆற்றாமையையும் சொல்லிக்கொள்கிறேன். சமையல் மேடைகள் பெரும்பாலும் 85 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டப்படுகின்றன. நான்கு வயதுக் குழந்தை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரந்தான் இருக்கும். மேடை அதன் கழுத்துக்கு வருகிறது. சுவரில் பதிக்கும் கல்லுக்கும் அலமாரியின் நிறத்துக்கும் அத்தனை யோசனை செய்கிறவர்கள், ஓர் ஓரத்தில் தாழ்வான பலகை ஒன்றை அமைக்கலாமே என்று சொன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். குழந்தையை முக்காலியில் ஏற்றி அடுப்பருகே நிறுத்துவதைவிட, தரையில் சுத்தமான விரிப்பைப் போட்டு அங்கேயே வேலையைக் கொடுப்பது மேல் என்ற முடிவுக்கு வந்தேன். எனக்கு முழங்கால் வலி இருந்தும் அப்படித்தான் செய்கிறோம்.

அடுப்பைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பாத்திரத்தின் கைப்பிடி உட்புறமாகத் திரும்பியிருக்க வேண்டும், கொதிப்பது பின் அடுப்பில் இருக்க வேண்டும், சின்னவள் ஒரு மீட்டர் தூரத்துக்குள் வரக்கூடாது. எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்துவிட்டு மூடியால் மூட வேண்டும் என்பதைப் பேரனுக்கு வாய்ப்பாடுபோல் மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன். சூடுபட்டால் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்ட வேண்டும். பனிக்கட்டியோ பற்பசையோ வேண்டாம். நான் மருத்துவரும் அல்லேன், உணவியல் படித்தவளும் அல்லேன். ஒவ்வாமையோ வேறு நோயோ உள்ள குழந்தை என்றால் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு.

நீங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் பேரப்பிள்ளைகளைவிட வளர்ந்த பிள்ளைகளைச் சேர்ப்பதுதான் கடினம். "அவனை விடும்மா, படிக்கட்டும்" என்று மகள் சொல்வாள்; அதே பிள்ளை அடுப்பில்லாமல் ஓர் உணவைச் செய்து எடுத்துவர வேண்டும் என்று பள்ளியில் வேலை கொடுத்தால், இரவு பதினொரு மணிக்குத் தானே உட்கார்ந்து செய்து அனுப்புவாள். அவளை நான் வற்புறுத்துவதில்லை. சமைத்து மிஞ்சியதைக் கவனிக்கும் பொறுப்பை மட்டும் அவளிடம் விட்டிருக்கிறேன்: சோறும் குழம்பும் அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக்கூடாது, ஆழமற்ற பாத்திரங்களில் பிரித்து விரைவாக ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சமைத்த பிறகும் பிழைத்திருந்து, வெதுவெதுப்பில் பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போவதில்லை.

எந்த நாளில் தொடங்குவது என்றால், மறுநாள் விடுமுறையாக இருக்கும் நாளின் மாலையில் தொடங்குங்கள். எல்லோரும் பசியோடு இருக்கும் நேரத்தில் குழந்தையைக் கூப்பிட்டால் அதன் கையிலிருப்பதைப் பிடுங்கி நாமே செய்துவிடுவோம். ஆகவே ஒரு மணி நேரம் முன்னதாகக் கூப்பிடுங்கள். ஒரு குழந்தைக்கு ஒரு வேலை போதும். வேலை நாள்களில் நான் இன்றும் தனியாகத்தான் சமைக்கிறேன், உப்பு அளப்பதற்கு மட்டும் பேரனுக்குக் குரல் கொடுப்பேன்.