பாஸ்டன் லீகல்ங்கிற அமெரிக்க வக்கீல் சீரியல திரும்பப் பாக்கிறேன், முதல் எபிசோட்லயே வக்கீல்கள் ஆலனும் டென்னியும் பழகினவங்களா இருக்காங்களே?

உங்ககிட்ட எபிசோட் எதுவும் மிஸ் ஆகல. ஆலன் ஷோர் கதை ஆரம்பிக்கிறதே அதுக்கு முன்னாடி வந்த தி பிராக்டிஸ் சீரியலோட 8வது, கடைசி சீசன்ல தான் (2003-04). பழைய ஆபீஸ்ல அவர வெளிய அனுப்புறாங்க, அவர் கேஸ் போடுறாரு, அந்த கேஸ எடுத்து நடத்துறது தான் நம்ம டென்னி கிரேன், அங்கயே ரெண்டு பேருக்கும் ஒட்டிக்கிச்சு. கூட வேலை பாக்குற வக்கீல்கள் டாரா, சாலி கூட அங்கருந்து வந்தவங்க தான். அந்த சீசனுக்கே ஆலனா நடிச்ச ஸ்பேடர், டென்னியா நடிச்ச ஷாட்னர் ரெண்டு பேரும் எம்மி டிவி விருது வாங்கிட்டாங்கன்னா பாத்துக்கோங்க.

சந்தேகம்னா பாஸ்டன் லீகல் எபிசோட் எண்ணிப் பாருங்க. முதல் சீசன் 17, ரெண்டாவது 27 இருந்தா சரி. முதல் சீசன பாதில நிறுத்தி மீதிய அடுத்ததுல சேத்துட்டாங்க, அதான் இந்த கோணல் கணக்கு.

தி பிராக்டிஸ்ல 8வது சீசன மட்டும் பாத்தா போதும், முந்தின ஏழும் வேணாம். ஆனா அது சீரியஸ் சீரியல், பால்கனில சுருட்டும் விஸ்கியுமா உக்காந்து பேசுற கலாட்டாவ அங்க எதிர்பாக்காதீங்க, ஆலனே கொஞ்சம் கெட்டவனா தான் தெரிவாரு. எனக்கு அந்த ஆலன் தான் பிடிக்கும், அது வேற விஷயம்.

டென்னி ஆபீஸோட பங்குதாரர் ஷெர்லி ஷ்மிட்டயும் காணோமேன்னு தேடாதீங்க, அவங்க பாஸ்டன் லீகல் முதல் சீசன் பாதிக்கு மேல தான் வருவாங்க.