'அன்லிமிடெட்' என்றால் எவ்வளவு?

கேள்வி: ஈரோட்டில் பெட்ஷீட், துண்டு மொத்த வியாபாரம் செய்கிறோம். 400 டிசைன்களைக் காட்ட வெப்சைட் போடுகிறோம். மாதம் 69 ரூபாய்க்கு 'அன்லிமிடெட்' ஹோஸ்டிங் (சைட்டை வைக்க சர்வரில் வாடகை இடம்) என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?

பணம் கட்டும் பக்கம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். இந்த மாதிரி விலை பெரும்பாலும் 48 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் கிடைக்கும். அப்படியென்றால் 3,312 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்து சுமார் 3,908. ரினீவல் விலை அதே பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அது இரண்டு மடங்கு, மூன்று மடங்காக இருப்பது சகஜம். இரண்டு கம்பெனிகளை ஒப்பிடுவதென்றால் அந்தப் பொடி எழுத்து விலையை வைத்து ஒப்பிடுங்கள்.

'அன்லிமிடெட்' என்பது பெரும்பாலும் டிஸ்க் இடம் போன்றவற்றுக்குத்தான். ஃபைல்களின் எண்ணிக்கைக்குத் தனி வரம்பு உண்டு. ஹோஸ்டிங் கணக்கின் பேனலில் 'ஐநோடு' என்று போட்டிருக்கும். போனில் எடுத்த ஒரு படத்தை வேர்ட்பிரஸ் என்ற சைட் மென்பொருளில் ஏற்றினால் 150, 300, 768, 1024, 1536, 2048 பிக்சல் என ஆறு அளவுகளில் நகல் உருவாகும். மூலப் படமும், 2560 பிக்சலுக்குச் சுருக்கிய படமும் சேர்ந்தால் எட்டு ஃபைல். டிசைனுக்கு நான்கு படம் என்றால் 12,800 ஃபைல். வரம்பு பெரும்பாலும் லட்சக்கணக்கில் இருப்பதால் படங்கள் மட்டும் அதைத் தொடாது. தொடுவது மெயில். அதே ஹோஸ்டிங்கில் மெயிலும் வைத்திருந்தால், அழிக்காமல் கிடக்கும் ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல். வரம்பு முட்டினால் படம் ஏறாது, மெயில் உள்ளே வராது. டிஸ்க் மட்டும் பாதிக்கு மேல் காலியாகவே தெரியும்.

ராம், சிபியு, 'என்ட்ரி ப்ராசஸ்' (சர்வர் ஒரே நேரத்தில் கையாளும் பக்கக் கோரிக்கைகள்) மூன்றையும் கேட்டு மெயிலில் எழுதி வாங்குங்கள். என்ட்ரி ப்ராசஸ் 20 என்றால் 20 பேர்தான் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. பக்கம் அரை நொடியில் தயாரானால் அந்த இடம் உடனே அடுத்தவருக்குக் காலியாகிவிடும். நாலைந்து நொடி இழுக்கும் சைட்டில்தான் வம்பு. தீபாவளி கலெக்‌ஷன் லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட கொஞ்ச நேரத்தில் '508' பிழை வந்தால் இதுதான் காரணம். உங்கள் அளவுக்கு 1 சிபியு கோர், 1 ஜிபி ராம், 20 என்ட்ரி ப்ராசஸ், மும்பை சர்வர் தாராளம். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் ஒவ்வொரு முறை போய்த் திரும்பவே 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும்.

கேள்வி: 99.9% அப்டைம் கேரண்டி என்கிறார்களே?

30 நாள் மாதத்தில் சைட் 43 நிமிடம் நின்றாலும் அவர்கள் வாக்குத் தவறவில்லை. வெறும் 99% என்றால் 7 மணி 12 நிமிடம். தவறினால் கிடைப்பதும் அடுத்த பில்லில் சிறு கழிவுதான். போன ஆர்டருக்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

கேள்வி: தினமும் பேக்கப் எடுப்பதாகக் கம்பெனியே சொல்கிறது. நாங்களும் எடுக்க வேண்டுமா?

கட்டாயம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தது. பேக்கப்பும் அங்கேயே இருந்தவர்களுக்கு இரண்டும் போயின. கம்பெனியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: பேக்கப் வேறு ஊரில் இருக்கிறதா, எத்தனை நாள் வைப்பீர்கள், நானே ரீஸ்டோர் செய்யலாமா அல்லது அதற்குக் கட்டணமா? பணம் கட்டும் முன்பே, ஞாயிறு இரவு பத்து மணிக்குக் கேளுங்கள். சப்போர்ட்டின் லட்சணமும் அப்போதே தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டையும் உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள். டேட்டாபேஸை விட்டுவிட்டால் படங்கள் மட்டும் மிஞ்சும். விலை, விவரம், ஆர்டர் எல்லாம் அதில்தான்.

கேள்வி: சைட் செய்துகொடுத்தவர் தன் கணக்கிலேயே டொமைனும் ஹோஸ்டிங்கும் வாங்கியிருக்கிறார். கம்பெனி மாற்ற வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

டொமைனில், அதாவது சைட்டின் முகவரிப் பெயரில். ஹோஸ்டிங் போனால் வேறு வாங்கலாம். டொமைன் போனால் விசிட்டிங் கார்டு முதல் கடை போர்டு வரை மாற்ற வேண்டும். அவர் எந்த ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைன் விற்கும் கம்பெனி) வாங்கினாரோ அங்கேயே உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அதற்கு டொமைனை மாற்றிவிடச் சொல்லுங்கள். கம்பெனி விட்டுக் கம்பெனி மாற்றுவதைவிட இது சுலபம். உரிமையாளர் பெயர், மெயில் ஐடி இரண்டும் உங்களுடையதா என்று பாருங்கள். அவர் ஒத்துழைக்கும்போதே முடித்துவிடுங்கள்.

பிறகு சைட். மாற்றுவதற்கு முதல் நாளே டிஎன்எஸ்ஸில் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற பதிவேடு) டிடிஎல் மதிப்பை (பழைய விவரம் எத்தனை நொடி நினைவில் இருக்கும் என்ற கணக்கு) 300 ஆக்குங்கள். புது சர்வரில் ஃபைல்களையும் டேட்டாபேஸையும் ஏற்றி, உங்கள் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் டொமைன் பெயரோடு புது சர்வரின் ஐபி எண்ணை எழுதினால் உங்களுக்கு மட்டும் புது சைட் தெரியும். விசாரணைப் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் டிஎன்எஸ்ஸை மாற்றலாம். எஸ்எஸ்எல்லுக்கு (பிரவுசரில் பாதுகாப்பான சைட் என்று காட்டும் சான்றிதழ்) தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு தருவது இலவசம்.

பெரும்பாலோர் சறுக்குவது மெயிலில். நேம்சர்வரை (டிஎன்எஸ் பதிவுகள் இருக்கும் இடம்) மொத்தமாக மாற்றும்போது எம்எக்ஸ் (மெயில் எங்கே வர வேண்டும்), எஸ்பிஎஃப், டிகிம் (அனுப்பியது நீங்கள்தான் என்பதற்குச் சாட்சி) பதிவுகள் பழைய இடத்திலேயே நின்றுவிடும். சைட் ஜோராக ஓடும், கொட்டேஷன் மெயில்கள் மட்டும் போய்ச் சேராது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கட்டாயம் வேண்டும் என்கிறது. மாற்றும் முன் அந்தப் பதிவுகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சர்வரோடு மெயிலும் மாறுகிறதென்றால் புது கம்பெனி தரும் மதிப்புகளைப் போடுங்கள். பழைய கணக்கைப் பத்து நாளாவது மூடாமல் வையுங்கள். வழி தப்பிய மெயில் ஒன்றிரண்டு அங்கேதான் வந்து விழும்.