மடியில் ஐஸ் பெட்டி

கேள்வி: சேலத்தில் ஆராய்ச்சித் துறையில் பேராசிரியையாக இருக்கிறேன், வயது 52. 18 முதல் 24 வயதுள்ள பெண்களிடம் கிளமிடியா (உடலுறவால் பரவும் ஒரு பாக்டீரியா - ஆசிரியர்) தொற்று எவ்வளவு இருக்கிறது என்று ஏற்காடு எஸ்டேட்டுகளிலும் சேலத்தைச் சுற்றிலும் ஆய்வு செய்கிறோம். என்னிடம் மூன்று இளம் ஆராய்ச்சியாளர்கள். அதில் ஆத்தூர் பக்கத்துப் பெண் ஒருத்தி ரொம்பக் கெட்டிக்காரி, 25 வயது. மலையிலிருந்து சாம்பிளை ஐஸ் பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவருவதும் அவள்தான், ரிசல்ட் சொல்லப் போவதும் அவள்தான். ஒரு நாள் எஸ்டேட்டிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். 'யாரால வந்துச்சுன்னு கேட்டாங்க மேடம், எனக்குச் சொல்லத் தெரியல' என்றாள். இப்போது விலகிக்கொள்கிறேன் என்கிறாள். (வீட்டில் கண் நோய் ஆராய்ச்சி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாளாம். கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.) இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனவலிமையே இல்லை. இவளை எப்படித் தேற்றுவது? இல்லை, வேறு ஆளைப் போட்டுவிடலாமா? (கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்: அம்மா, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. வருஷத்துக்கு நாலைந்து வரும். எழுதுகிறவர் ஒரு முறை தலைமையாசிரியை, ஒரு முறை நூல் மில் மேலாளர், இந்த முறை நீங்கள். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்ற வரி மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும். ஆகவே என்னிடம் ஆறுதல் எதிர்பார்க்காதீர்கள்.

மூன்று பக்கக் கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒரே வரி. அதை நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். வீட்டில் கண் நோய் என்று சொல்லி வைத்திருக்கிறாள், கேட்டுச் சிரித்தீர்கள். எதற்குச் சிரித்தீர்கள்? நிஜமாகவே கேட்கிறேன்.

அவள் ஏன் கண்ணைப் பிடித்தாள் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கண்ணில் வரும் டிரக்கோமாவும் இதே கிருமியின் வேலைதான். இனம் ஒன்று, ரகம் வேறு. கெட்டிக்காரி, பாதி உண்மையைப் பொறுக்கி எடுத்திருக்கிறாள். அந்தக் கண் நோயைப் பற்றி இந்த நாடு வாய் கூசாமல் பேசியது. 1963-லேயே அதற்கென்று தேசியத் திட்டம் போட்டார்கள். பிள்ளைகளின் இமையைத் திருப்பிப் பார்த்தார்கள், களிம்பு கொடுத்தார்கள், முகம் கழுவச் சொன்னார்கள். இந்தியாவில் இனி அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று 2024-ல் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்துவிட்டது. அதே கிருமி இடுப்புக்குக் கீழே வந்தால், அதை ஆராயும் பெண்ணால் பெற்ற தாயிடம் பெயரைச் சொல்ல முடியவில்லை.

உங்களால் மட்டும் முடிகிறதா என்று எனக்குச் சந்தேகம். 'அந்தத் தொற்று', 'இந்த மாதிரி விஷயம்', 'அது' என்று உங்கள் கடிதத்தில் பதினேழு இடம் எண்ணினேன். கிருமியின் பெயர் ஒரே ஒரு முறை, அதுவும் ஆங்கில எழுத்தில். மேலே தமிழில் அச்சிட்டது நாங்கள். வாத்தியாரம்மா வாய்விட்டுச் சொல்லாததைப் பிள்ளை எங்கே போய்க் கற்றுக்கொள்ளும்?

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவள் மடியில் ஐஸ் பெட்டி. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் பக்கத்து சீட்டு அம்மா ஒருவராவது 'பெட்டியில என்ன கண்ணு, ஐஸ்கிரீமா?' என்று கேட்காமல் இருந்திருப்பாரா? அங்கே ஒரு பொய். வீட்டுக்குப் போனால் கண் நோய். நடுவில் எஸ்டேட்டில் மட்டும் போய், முன்பின் தெரியாத பெண்ணிடம் 'வெட்கப்படாம வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க' என்று புத்தி சொல்ல வேண்டும். உங்களால் முடியுமா?

அடுத்து அந்தக் கேள்வி. 'யாரால வந்துச்சு?' இதற்குப் பதில் இருக்கிறது, அம்மா. நீங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரும்பாலான பெண்களுக்கு இதில் எந்த அறிகுறியும் தெரியாது. மாதக்கணக்கில், சில சமயம் வருஷத்துக்கு மேலும் உள்ளேயே கிடக்கும். 'இருக்குன்னு மட்டும்தான் இந்த டெஸ்ட் சொல்லும். எப்ப வந்துச்சு, யாருகிட்ட இருந்துன்னு சொல்லாதுங்க. ஒரு வாரம் மாத்திரையில சரியாயிரும். வீட்டுக்காரரும் கூடவே வைத்தியம் பார்க்கணும், இல்லன்னா உங்களுக்குத் திரும்ப வரலாம்.' அவ்வளவுதான். இதை உங்கள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவளைப் பத்துத் தடவை சொல்ல வைத்திருக்க வேண்டும். எதிரே நாற்காலியில் எஸ்டேட் பெண்ணாக உட்கார்ந்து நீங்கள் குறுக்குக் கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பைப்பெட் பிடிக்க எத்தனை நாள் பழக்கினீர்கள்? கல்யாணமாகாத பெண், எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டு வாசலில், உள்ளே மாமியார் இருமுகிற சத்தம் கேட்கும்போது இதைக் குரல் தாழ்த்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் தடவையாவது நீங்கள் கூடப் போனீர்களா? போயிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

உங்கள் ஆய்வு வேண்டாத வேலை என்று நான் சொல்லவில்லை. அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களைப் பார்க்கும் சுகவாழ்வு மையத்தில் அறிகுறியைக் கேட்டு, அதற்கேற்ற நிறத்தில் மருந்து கிட் கொடுக்கிறார்கள். அறிகுறியே இல்லாதவள் அந்த வாசலுக்கு எதற்கு வருவாள்? கருக்குழாய் அடைத்துப் போய், கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து வேறொரு வாசலில் வந்து நிற்பாள். என் பெரியம்மா ஒருவர் அரசமரத்தைச் சுற்றிச் சுற்றியே தேய்ந்து போனார். என்ன காரணம் என்று யாரும் பார்க்கவில்லை, பட்டம் மட்டும் கட்டினார்கள். அதனால்தான் உங்கள் மேல் இவ்வளவு கோபம்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆத்தூருக்குப் போங்கள்.

என் கட்சி பழைய கட்சிதான். ஒரு வீட்டுப் பிள்ளையைப் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் அந்த வீட்டுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள். 25 வயதுப் பெண் எதற்கு அப்பா அம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று எனக்குக் கடிதம் வரும், வரட்டும். நான் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒரு பொய் குடியிருக்கிறது, அதற்கு நீங்களும் உடந்தை. தெரிந்த அன்றைக்கே சிரிப்பதை விட்டுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். இந்நேரம் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். அவள் பெயரைக் கூகுளில் தட்டினால் நாளைக்குக் கட்டுரைத் தலைப்பு வந்து நிற்கும். அதைச் சம்பந்தி வீட்டார் சொல்லி அவள் அப்பா தெரிந்துகொள்ள வேண்டுமா?

முதலில் அவளைக் கேளுங்கள். அவளுக்குத் தெரியாமல் போய்ப் போட்டு உடைத்தால் அது காட்டிக்கொடுப்பது. அவள் சரி என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். போனில் பேச வேண்டாம், அவர்களை உங்கள் அறைக்கு வரவழைக்கவும் வேண்டாம். அவள்தான் சொல்ல வேண்டும், நீங்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தால் போதும். அம்மா முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்: 'இது எம்பொண்ணுக்கு ஒட்டிக்குமா?' அதற்கு மட்டும் நீங்கள் வாயைத் திறங்கள். உடலுறவால் பரவுகிற நோய், மூடிய குழாயைத் தூக்கி வருகிற கைக்கு வராது என்று நேராகச் சொல்லுங்கள். அந்த வார்த்தையை விழுங்காதீர்கள். அப்பா எழுந்து வெளியே போனாலும் போவார். அவர் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருங்கள்.

அதற்கப்புறமும் விலகுகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். கட்டுரையில் அவள் உழைப்புக்கு உரிய இடத்தில் பெயரைப் போட்டு அனுப்புங்கள். அதில் கணக்குப் பார்க்காதீர்கள்.

வேறு ஆளைப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வருகிறவள் வீட்டில் என்ன சொல்லப் போகிறாள், தோல் நோயா? ஆள் தேடுவது இருக்கட்டும். அடுத்த முறை சாம்பிள் எடுக்கிற அன்றைக்கு நீங்களே ஏற்காட்டில் பஸ் ஏறுங்கள். காரை வீட்டில் விட்டுவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்து சீட்டு அம்மா எப்படியும் கேட்பார்.